வைத்த பெயரும் விழுந்த பெயரும்

குழந்தைக்குப் பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை. இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால் வைத்த பெயரை ஊரார் எப்படி அழைப்பார்கள், அலுவலகத்தார் எப்படி எழுதுவார்கள், அந்தக் குழந்தை வளர்ந்து அதை எப்படிச் சுமக்கும் என்ற கேள்விகள் எழும்போது, பெற்றோரின் உரிமை எங்கே முடிகிறது, மற்றவர்களின் கடமை எங்கே தொடங்குகிறது என்று யோசிக்க வேண்டியவர்களாகிறோம். அண்மையில் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாம் கலந்துகொண்ட பெயர் சூட்டு விழாவே இந்த யோசனையை நம்முள் கிளறிவிட்டது.

லயத்து வாசலில் ஒரு சிறு பந்தல். பெண் குழந்தை, பிறந்து 31 நாள். தந்தை கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர். தாய் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். சோதிடர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, 'ஹர்ஷிதயாழினி' என்று தந்தை பெயரை அறிவித்தார். குழந்தையின் காதில் அதை மூன்று முறை சொல்லும் பொறுப்பு அப்பாயிக்கு. 40 ஆண்டு கூடை சுமந்த அந்த மூதாட்டி முதல் முறை 'அரிசிதா' என்றார். இரண்டாம் முறை நாக்குத் தடுமாறிற்று. மூன்றாம் முறை எந்தத் தயக்கமுமின்றி, 'அரிசித்தாயி' என்று சொல்லி முடித்துவிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாயின் முகம் வாடிற்று.

"ஏம்பா, வாயில நுழையிற பேரா வச்சிருக்கக் கூடாதா?" என்று முதியவர் ஒருவர் கேட்டார்.

"எங்க அப்பன் பாட்டன் பேரெல்லாம் வாயில நல்லாத்தான் நுழைஞ்சுச்சு. கடையில பேரச் சொன்ன ஒடனே 'தோட்டமா?'ன்னு கேக்குறாங்க. எம் புள்ளய அப்படி யாரும் கேக்கக் கூடாது" என்றார் தந்தை.

முதியவர் மேலே பேசவில்லை. நம்மாலும் பேச முடியவில்லை.

இத்தகைய பெயர்களைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கேலி பேசுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மறைக்காமல் சொன்னால், அந்தக் கேலியில் நாமும் பங்கு கொண்டிருக்கிறோம். வடமொழித் துண்டு ஒன்று, தமிழ்த் துண்டு ஒன்று, இரண்டையும் ஒட்டி எங்குமில்லாத ஒரு பெயரைப் படைப்பது இன்று மலைநாட்டில் மட்டுமன்றித் தமிழர் வாழும் இடமெங்கும் பரவியிருக்கிறது. தந்தை பெயரில் பாதியும் தாய் பெயரில் பாதியும் சேர்ந்தும் பெயர் பிறக்கிறது. 'ஷ', 'க்ஷ', 'ஹ' என்ற எழுத்துகளுக்கு இவ்வளவு மவுசு முன்னெப்போதும் இருந்ததில்லை. 'அருமை' என்ற சொல்லுக்கு நம் மொழியில் கிடைத்தற்கரியது என்றும் பொருள், மேன்மையானது என்றும் பொருள். பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறார்கள். பக்கத்து லயத்தில் இல்லாத பெயரே அருமையான பெயர். ஆனால் அருமையான பெயர் அடுத்த ஆண்டே பக்கத்து லயத்துக்கும் போய்விடுகிறது. பிறகு அதைவிட அருமையான ஒன்றைத் தேட வேண்டும். இன்னொரு துண்டை ஒட்ட வேண்டும். பெயர் நீண்டுகொண்டே போகிறது.

இதில் எண் சோதிடத்தின் கைங்கரியமும் உண்டு. எண் சோதிடர் பார்ப்பது பெரும்பாலும் தமிழ் எழுத்தை அன்று, ஆங்கில எழுத்தை. ஆங்கில எழுத்துகளுக்கு ஆளுக்கொரு எண் வைத்துக் கூட்டி, கூட்டுத்தொகை சரியாக வரவில்லையென்றால் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். அவர் கூட்டிய எழுத்தால் பெயரின் ஒலி என்னாகிறது, பொருள் என்னாகிறது என்பது அவருடைய கவலையன்று. வறியவனின் எதிர்காலக் கனவைக் காசாக்கும் தொழில்களில் இதுவும் ஒன்று. இதை நாம் கண்டிக்கிறோம். ஆயினும் சோதிடரைக் கண்டிப்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்தத் தந்தை சோதிடரிடம் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்தக் காரணத்தின் வேரைத் தேடினால் மலைநாட்டின் வரலாறே நம் முன் எழுந்து நிற்கிறது.

கூட்டுப் பெயர் நமக்குப் புதிதன்று. முத்துக்கருப்பன், சின்னக்கருப்பன், பழனியாண்டி, மாரிமுத்து, வீரம்மா, ராமாயி, கருப்பாயி எல்லாம் ஒட்டுப் பெயர்களே. ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள், மூட்டையில் கொண்டுவர ஏதுமில்லாதபோது குலதெய்வங்களைப் பெயர்களில் கொண்டு வந்தார்கள். ஊரில் விட்டு வந்த கோயில் இங்கே ஒரு குழந்தையின் பெயராய் மறுபடி பிறந்தது. அப்பெயர்களுக்கு அழகு இல்லை என்று சொல்பவர்கள் அவற்றின் பொருளை அறியாதவர்கள்.

அந்தப் பெயர்கள் முதலில் ஏறிய ஏடு பெரிய கங்காணியின் கடன் ஏடு. இரண்டாவதாக ஏறியது தோட்டத்துச் செக்றோல். தோட்டத்து வழக்கில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்து அதற்கான கூலி ஏட்டில் பதிவாவதையே அங்கே 'பேர்' என்கிறார்கள். விதித்த அளவு கொழுந்து நிறுத்தால் முழுப் பேர். குறைந்தால் 'அரைப் பேர்'. காலையில் பிரட்டுக்குப் பிந்தி வந்தவளுக்கு அன்று பேரே இல்லை. மனிதனின் பெயரையே அவனுடைய ஒரு நாள் உழைப்பின் அளவுகோலாக்கி, அதைப் பாதியாக வெட்டவும் முடியும் என்று காட்டிய அமைப்பு இது. பெற்றோர் வைத்தது ஒரு பெயர். தோட்டத்தில் விழுந்தது இன்னொரு பேர்.

மேலே இருந்தவர்களுக்குத் தொழிலாளியின் முழுப் பெயர் தேவைப்பட்டதேயில்லை. தென்னாப்பிரிக்காவில் நம்மவர் பெயர்களின் ஈற்றிலிருந்த 'சாமி' என்ற பாதியை மட்டும் வெட்டியெடுத்து, இந்தியத் தொழிலாளர் அனைவரையும் வெள்ளையர் அதனால் அழைத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ராமசாமி, கோவிந்தசாமி என்ற கூட்டுப் பெயர்களின் மிச்சம் அது. அதற்குத் தலைவன், எசமான் என்று பொருள் இருப்பது அழைத்தவனுக்குத் தெரியாது. எசமான் என்று அழைத்துக்கொண்டே அடிமையாக நடத்திய அந்த விந்தையில், பெயரின் ஒலி மட்டுமா சிதைந்தது?

பெயர்ச் சிதைவு மனத்தை நோகச் செய்வதோடு நின்றிருந்தால் மறந்துவிடலாம். அது வாழ்வையே குலைத்த காலமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம், இத்தனை ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்தேன் என்று தாளைக் காட்டி நிரூபித்தால் குடியுரிமை உண்டு என்றது. எழுத்தறியாத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அற்ப முரண்பாடுகளும் நிராகரிப்புக்குக் காரணங்களாயின. செக்றோலில் கருப்பன் என்றும், பள்ளி இடாப்பில் கருப்பையா என்றும், பிறப்புப் பதிவில் கருப்பண்ணன் என்றும் இருப்பவன் ஒரே மனிதன்தான் என்பதை லயத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். மேசைக்கு அப்பால் இருப்பவருக்கோ அவன் மூன்று பேர். அப்படிப்பட்ட மேசைகளின் முன்னே எத்தனை குடும்பங்கள் நின்றிருக்கும்! 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது, ஒரே குடும்பத்தின் பெயர்கள் இரண்டு நாடுகளின் பட்டியல்களில் சிதறின. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று.

அந்த அப்பாயியின் கதைக்கு வருவோம். அவர் பெயர் கருப்பாயி. பிறப்புப் பதிவில் அப்படியே இருக்கிறது. தோட்டத்து ஏட்டில் 'கருப்பாய்' என்று விழுந்தது. அடையாள அட்டையில் யாரோ ஒருவர் மரியாதையாக எழுதுவதாக எண்ணிக் 'கருப்பம்மா' ஆக்கிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, தம் உழைப்பில் சேர்ந்த பணத்தைப் பெற, தாம் மூவரல்ல, ஒருவரே என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் பஸ் ஏறி இறங்கினார். சத்தியக் கடதாசி முடித்தார், அதற்கும் காசு. அதில் கைநாட்டு வைத்தபோது, "எம் பேரு இதுதான்னு நானே சத்தியம் பண்ண வேண்டியிருக்கே" என்று சொன்னாராம். தம்முடைய பெயரைத் தாமே சொல்வது சான்றாகாத நிலை ஒரு மனிதப் பிறவிக்கு நேர்வதைவிட அவமானம் என்ன இருக்க முடியும்?

தங்கள் பெயர்களைப் பற்றி இந்த மக்கள் வாளாவிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பெயரை மாற்றும் முயற்சி அவர்களுடைய விழிப்பின் வரலாற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது. 1927இல் காந்தியும் 1939இல் நேருவும் இலங்கைக்கு வந்தார்கள். 1939இலேயே இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. லயங்களில் காந்திகளும் ஜவஹர்களும் சுபாஷ்களும் பிறந்தார்கள். பின்னர் இலங்கையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் குரல் ஒலித்தது. 1962இல் அது தடை செய்யப்பட்டது. ஆனால் தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, அன்பழகன், இளங்கோ என்ற பெயர்களை எவரும் தடை செய்ய முடியவில்லை. அவை அன்றைக்குப் புதிய பெயர்கள். அக்காலத்து முதியவர்களின் வாயிலும் எளிதில் நுழையாத பெயர்கள். 'இதென்ன பெயர்?' என்று அன்றும் கேட்டிருப்பார்கள். ஆகவே புதுப்பெயர் என்பதற்காகவே ஒன்றைப் பழிப்பது நியாயமாகாது. கருப்பாயிக்கும் ஹர்ஷிதயாழினிக்கும் இடையே ஒரு தமிழ்ச்செல்வி இருக்கிறாள். அவளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தமிழ்ச்செல்வி என்று பெயரிட்டவர்கள், 'நாம் இன்னார்' என்று உலகுக்கு உரக்கச் சொன்னார்கள். இன்றைய பெயரை வைத்தவர், 'என் மகள் இன்னாள் என்று உலகம் அறிய வேண்டாம்' என்கிறார். முன்னது அறிவிப்பு, பின்னது மறைப்பு. 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் பிறர் சூட்டிய கூட்டுப் பெயர்களை மூன்று தலைமுறையாகச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவற்றின் நிழலே விழாத ஒரு பெயரைத் தேடுவதில் வியப்பில்லை. அந்த வசைகள் சிங்களவர் வாயிலிருந்து மட்டும் வந்தன என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. தமிழர் வாயிலிருந்தும் வந்தன. படித்த தமிழர், நகரத்துத் தமிழர், வீட்டு வேலைக்கு மலைநாட்டுச் சிறுமியை வைத்துக்கொண்டு அவள் பெயரை ஒருநாளும் முழுமையாகச் சொல்லாத தமிழர் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது உச்சரிப்பு என்ற கேள்விக்கு வருவோம். நாவு என்பது தான் பழகிய மொழியின் பிள்ளை. அது வேற்றொலியைக் கேட்டால் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும். இதில் குற்றமில்லை. தமிழில் சொல்லின் முதலில் ரகரமும் லகரமும் வருவதில்லை. ஆகவே ராமன் இராமனானான். வடமொழி லக்ஷ்மணன் கம்பனிடம் இலக்குவன், விபீஷணன் வீடணன். வடசொல்லை எடுத்துக்கொள்ளும்போது வடவெழுத்தை விலக்கித் தமிழ் ஒலியில் ஆள வேண்டும் என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது. அப்பாயி ஹர்ஷிதாவை அரிசிதாவாக்கியதும், பின்னர் 'தாயி' என்று முடித்ததும் அந்த விதியை அறியாமலே செய்த அதே காரியம். பள்ளிக்கூடம் போகாத மூதாட்டி ஒரு விநாடியில் ஒரு புதிய தமிழ்க் கூட்டுப் பெயரைச் சந்தி பிசகாமல் படைத்தார். கூடியிருந்தவர்கள் சிரித்தது ஏன்? கம்பன் செய்தால் கவிதை. கருப்பாயி செய்தால் கேலியா?

சிங்களவர் தமிழைத் 'தெமள' என்கிறார்கள். நாம் சிங்ஹலவைச் சிங்களம் என்கிறோம். ஆங்கிலேயன் தூத்துக்குடியை டூட்டிக்கொரின் ஆக்கினான். நம் தொழிலாளர்களும் சளைத்தவர்களல்லர்: துரையின் 'லைன்' அவர்கள் வாயில் லயமாயிற்று, 'ஸ்டோர்' இஸ்டோரு ஆயிற்று, துரைக்கும் கண்டாக்கைக்கும் தனித்தனிப் பட்டப்பெயர்களும் விழுந்தன. எல்லா நாவும் வளைக்கிறது என்றால், அலுவலகத்தார் கருப்பாயியைக் கருப்பம்மா ஆக்கியதை மட்டும் நாம் ஏன் குற்றம் என்கிறோம்?

இங்கேதான் நம் கேள்வியின் உயிர்நிலை இருக்கிறது. 'லைன்' லயமானதால் துரை எதையும் இழக்கவில்லை. அவருடைய சம்பளம் நிற்கவில்லை. அவருடைய குடியுரிமை போகவில்லை. கருப்பாயி கருப்பம்மாவானபோது ஒரு கிழவியின் பணம் முடங்கிப்போயிற்று. பிழை ஒலியில் இல்லை; அந்தப் பிழையைத் தாளில் எழுதி, இனி நீ இதுதான் என்று ஒருவரைக் கட்டிப்போடும் அதிகாரத்தில் இருக்கிறது. வாயால் வளைப்பது ஒன்று. பேனாவால் வளைப்பது வேறு. அப்பாயி பேத்தியின் பெயரை வளைத்தது அவளைத் தம் மடிக்கு அருகே இழுத்துக்கொள்வதற்காக. அலுவலகத்தார் வளைத்தது, சரியாகக் கேட்டு எழுதும் சிரமத்தை இந்த மக்களுக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எண்ணியதால். முன்னதில் உறவு இருக்கிறது. பின்னதில் அலட்சியம் இருக்கிறது.

மொழியின் நிலையும் இதற்குத் துணை போயிற்று. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையில் ஏற்றிற்று. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. தமிழ் எழுத்திலோ 'க' ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்கிறது. ஒரு பெயர் தமிழிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், மறுபடி தமிழுக்கும் வரும்போது, புறப்பட்ட பெயரும் திரும்பிய பெயரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டம் மேசைவரை வந்துவிட்டது. அந்த மேசையில் தமிழறிந்த ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தையின் பெயர் இன்றும் பிழைக்கிறது.

பெயரைக் கொண்டு மனிதனை நசுக்குவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1938 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனி ஓர் ஆணை பிறப்பித்தது. யூதப் பெயராகத் தோன்றாத பெயரையுடைய யூத ஆண்கள் தம் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பதே அது. பிறப்பால் யார் என்பதை மறைக்க முடியாதபடி அரசாங்கமே சூட்டிய கூட்டுப் பெயர்! 1984–85 குளிர்காலத்தில் பல்கேரிய அரசு அங்கு வாழ்ந்த துருக்கிய இனத்தவரின் பெயர்களைப் பலவந்தமாக மாற்றிற்று. அங்கே, அவர்கள் யார் என்பது தெரியவே கூடாது. ஒரு கொடுமை முத்திரை குத்துவது. மற்றொன்று முகத்தை அழிப்பது. இரண்டிலும் பெயருக்கு உரியவனைக் கேட்பாரில்லை. மலைநாட்டில் எவரும் இப்படி ஆணையிடவில்லை. ஆனால் 'தோட்டமா?' என்ற ஒரே கேள்வி, ஆணையில்லாமலே ஒரு தந்தையைத் தன் தாயின் பெயரிலிருந்து தன் மகளைத் தூர நிறுத்த வைக்கிறது.

அந்தத் தந்தை செய்தது சரியா? வைத்தது அவருடைய உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. வடமொழிச் சொல் கலந்தது என்பதற்காகக் கண்டிக்கவும் மாட்டோம். நம் அட்டவணைப்படி தூய பெயர்களை ஏழைகளுக்கு விநியோகிக்க நாம் யார்? ஆனால் ஒன்றை மட்டும் சகோதர உரிமையோடு சொல்வோம். மறைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. இகழ்ச்சி பெயரை நம்பிப் பிழைப்பதன்று. அது எந்தப் பெயரையும் தேடிப் பிடித்துக்கொள்ளும். 'ஷ'வும் 'க்ஷ'வும் நிறைந்த பெயர்களைக் கேட்டு, 'இது தோட்டத்துப் பெயர்தான்' என்று நகரத்தார் சிரிக்கும் நாள் வந்துவிட்டது. கருப்பாயியிலிருந்து தப்பி ஓடியவர்களை அதே சிரிப்பு அடுத்த திருப்பத்தில் சந்திக்கிறது. எத்தனை துண்டுகளை ஒட்டினாலும் பெயரால் மட்டும் அதை வெல்ல முடியாது. கூலியால், காணியால், கல்வியால், ஒன்றுபட்ட குரலால் வெல்ல வேண்டியது அது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டிய சாதிப் பட்டங்களைக் கைவிடும்படி மக்களைக் கேட்டது. பலர் கைவிட்டார்கள். அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். அதைக் காட்டி, கருப்பாயி என்ற பெயரையும் அப்படியே கைவிட்டால் என்ன என்று கேட்பாருண்டு. வேற்றுமை வெளிப்படை. சாதிப் பட்டம் பிறருக்கு மேலே தன்னை உயர்த்திக் காட்டியது. அதைத் துறப்பது நீதி. கருப்பாயி என்ற பெயர் எவர் தலைமேலும் ஏறி நிற்கவில்லை. கருப்பு நிறத்தையும் உழைப்பையும் ஊர்த் தெய்வத்தையும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. அதைத் துறக்க நேர்ந்தால் அந்த வெட்கம் துறந்தவர்களுடையதன்று, துறக்க வைத்தவர்களுடையது.

பெயர்களை மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதையும் பாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போலீசாரின் குண்டுக்கு இரையான தொழிலாளி கோவிந்தன். 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர் சிவனு லெட்சுமணன். அந்தப் பெயரை லக்ஷ்மணன் என்று திருத்தி எழுத எவருக்காவது மனம் வருமா? தோட்டத்து நாவு வளைத்த அந்த 'லெட்சுமணன்' என்ற ஒலியிலேயே அவர் வாழ்கிறார். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் முழுப்பெயர் கண்ணப்பன் வேல்சிங்கம் வேலுப்பிள்ளை. கண்ணப்பனின் தலையெழுத்து 'க' அன்றோ? ஆங்கிலத்தில் எழுதிய எழுத்து தமிழில் 'சி' ஆகிவிட்டது. ஆயினும் 'சி.வி.' என்றால் மலைநாடு தலை நிமிர்கிறது. வளைந்த பெயருக்கும் மானம் உண்டு. உரியவரும் அவரை நேசிப்பவர்களும் அதை ஏற்றுக்கொண்டால்.

தனி மனிதருக்குச் சொன்னது ஒரு சமூகத்துக்கும் பொருந்தும். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் இம்மக்கள் 'இந்தியத் தமிழர்' என்று தனியே எண்ணப்பட்டனர். அது விழுந்த பெயர். 'மலையகத் தமிழர்' என்பது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மலை என்றும் அகம் என்றும் இரு சொற்கள் கூடிய கூட்டுப் பெயர். ஆங்கிலத்தில் அதன் ககரத்தை எந்த எழுத்தால் எழுதுவது என்பதில் இன்றும் ஒருமைப்பாடு இல்லை. அதனால் என்ன? வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோது, முன்னோர் பெயரின்றி விழுந்து மடிந்த அதே வழியில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.

ஆகவே கடமைகளைப் பிரித்துச் சொல்வோம். பெயர் வைக்கும் பெற்றோர், அந்தப் பெயரை முதலில் அழைக்கப்போகும் வாய் எது என்பதை ஒரு கணம் நினைக்கட்டும்; ஆனால் முடிவு அவர்களுடையது. பெயரை எழுதும் அலுவலர், ஒரு முறைக்கு இரு முறை கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டட்டும். அது தயவன்று, கடமை. பள்ளி ஆசிரியர், நீண்ட பெயரைத் தம் வசதிக்காக வெட்டாதிருக்கட்டும். முதல் வகுப்பில் தன் முழுப் பெயரைக் கேட்கும் குழந்தை, தானும் முழுமையான ஒருத்தி என்பதை அங்கே அறிகிறது. நாமோ, பெயரைக் கேட்டவுடன் 'எந்த ஊர்?' என்று துருவும் பழக்கத்தை விட்டொழிப்போம்.

விழா முடிந்து சில வாரங்களுக்குப் பின் அந்தத் தந்தையை ஹட்டன் பஸ் நிலையத்தில் சந்தித்தோம். பிறப்பத்தாட்சிப் பத்திரம் வாங்கி வந்திருந்தார். முதலில் தந்த தாளில் 'யாழினி' என்பது 'யாளினி' என்று இருந்ததாம். திருத்தித் தரும்படி கேட்டாராம். இதெல்லாம் ஒரு பிழையா என்று அலுவலர் சலித்துக்கொண்டாராம். இவர் நகரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களும் இவருக்காகப் பேசினார்களாம். பிற்பகலில் சரியான தாள் கிடைத்தது. அதை நெகிழித் தாளில் சுற்றி, சட்டைக்குள் வைத்திருந்தார்.

"வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

சற்று வெட்கத்தோடு சிரித்தார். "லயம் முழுக்க அரிசித்தாயிதான். எம் பொஞ்சாதியும் இப்ப அப்படித்தான் கூப்புடுது. அம்மா கூப்புடட்டுங்க, அது எங்க அம்மா வாய். ஆனா அவுங்க எழுதக் கூடாது. எழுதுனா நான் வச்சபடிதான் எழுதணும்."

பஸ் வந்தது. சட்டைப்பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாம் இத்தனை பக்கங்களில் தேடிய விடையை அவர் வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.